சேப்பாக்கம் அரண்மனையில் தாம்பரத்து ஏரிகள்

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், பல்லாவரம் பக்கம் மனை வாங்கப் போனவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்: "சார், இது ஏரியில வருமா?" தரகர் சிரிப்பார். "அதெல்லாம் அந்தக் காலத்து ஏரி சார், இப்ப ஏது தண்ணி?" என்பார். தண்ணீர் நம் கண்ணுக்குத் தெரியும், அதற்குத் தரகர் வேண்டாம். பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும் விஷயம்.

பதிவேடு தாலுகா ஆபீஸில் இருக்கிறது. ஆனால் எதை ஏரி என்று எழுதுவது, எதை எழுதாமல் விடுவது, எது எந்தத் துறைக்குச் சொந்தம், எந்த நிலத்தை யாருக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்ற விதிகள் எல்லாம் தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு வளாகத்திலிருந்து வந்தவை. அது சேப்பாக்கம் அரண்மனை. கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில், எழிலகம் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடம்தான்.

சேப்பாக்கம் அரண்மனை பற்றி எழுதுபவர்கள் பொதுவாக இரண்டு விஷயங்கள் சொல்வார்கள். ஒன்று, ஆற்காடு நவாப் கட்டியது. இரண்டு, இந்தோ சாராசெனிக் பாணியின் முன்னோடி. இரண்டும் சரி. எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஆர்வம் வந்தது வேறு வழியில். சென்னைக்குத் தெற்கே இருக்கும் நம்ம ஊர் ஏரிகளின் கதையை எங்கே பிடித்து இழுத்தாலும் நூல் இந்தக் கட்டடத்துக்குப் போகிறது. கட்டிய நாளிலும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

1763இலிருந்து தொடங்கலாம். கர்நாடக நவாப் முகமது அலி வாலாஜா தன் நாற்காலிக்காக நடந்த போர்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை நம்பியிருந்தார். அந்த உதவிக்குக் கைம்மாறாகச் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். 1765இல் டெல்லி பாதுஷா ஷா ஆலம் அதற்கு முத்திரை குத்தினார். இன்றைய தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் எல்லாம் அந்த ஜாகீருக்குள் இருந்த ஊர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொடுத்த ஜாகீரைக் கம்பெனி தானே நிர்வகிக்கவில்லை, திரும்ப நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை இந்த ஏற்பாடு ஓடியது. குடியானவன் நவாபின் ஆளுக்குக் கொடுத்தான், நவாப் கம்பெனிக்குக் குத்தகை கட்டினார். வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது மாதிரி.

முகமது அலிக்கு ஆற்காட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ஆற்காட்டில் இருந்தால் எவனாவது படையெடுத்து வருவான், கோட்டைப் பீரங்கிகளின் நிழலில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தார். முதலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்டிக்கொள்ளும் யோசனை இருந்தது. அது நடக்கவில்லை. கோட்டைக்குத் தெற்கே, கூவம் தாண்டி, கடலைப் பார்த்த சேப்பாக்கத்தில் 117 ஏக்கர் வளைத்து மதில் எழுப்பினார். 1768 வாக்கில் கட்டடம் முடிந்தது. இரண்டு பகுதிகள்: கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால். கலஸ் மஹால் இரண்டு மாடி. ஹுமாயூன் மஹால் நவாப் தர்பார் நடத்திய பகுதி. பிரதான நுழைவு அப்போது வாலாஜா சாலைப் பக்கம் இருந்தது. இன்று நாம் கடற்கரைப் பக்கத்தை முகப்பு என்று நினைக்கிறோமே, அது பிற்காலத்து ஏற்பாடு.

கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று சொல்லப்படுகிறது. இந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இவர் வெறும் பொறியாளர் இல்லை. 1764இல் கம்பெனி வேலைக்காக மெட்ராஸ் வந்தவர், சம்பளம் சொற்பம். ஆனால் ஒப்பந்த வேலைகளிலும், அதைவிட வட்டித் தொழிலிலும் பெரும் புள்ளி ஆனார். நவாப் கட்டடம் கட்டினார், ஆடம்பரமாக வாழ்ந்தார், கம்பெனியின் போர்ச் செலவையும் தாங்கினார். இதற்கெல்லாம் பணம்? கம்பெனியின் ஊழியர்களிடமே கடன் வாங்கினார். பிணையாகக் கொடுத்தது நகையோ நிலமோ அல்ல, இன்ன சீமையின் வரி வசூலை இத்தனை காலம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்ற சீட்டு. ஏரி நிரம்பினால்தான் நஞ்சை விளையும், நஞ்சை விளைந்தால்தான் வரி வரும். ஆக, மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரரின் வட்டி ஏதோ ஓர் ஊர் ஏரியின் கரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சீட்டு வியாபாரம் கடைசியில் ஒரு கவர்னரையே பலி வாங்கியது. 1776இல் கவர்னர் பிகட் தஞ்சாவூரை அதன் ராஜா துளஜாஜியிடம் திரும்ப ஒப்படைத்தார். உடனே பென்ஃபீல்டு எழுந்தார்: தஞ்சாவூர் வருமானத்தில் எனக்கு 2,30,000 பவுண்டுக்கு மேல் வரவேண்டியிருக்கிறது, நவாப் எழுதிக் கொடுத்த சீட்டு இதோ என்றார். சொற்பச் சம்பளக்காரருக்கு இத்தனை பணம் ஏது என்று பிகட் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கவுன்சில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பக்கம் வேறு. 1776 ஆகஸ்ட் 24 அன்று கவர்னரையே கைது செய்தார்கள். எங்கே கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள் தெரியுமா? பரங்கிமலையில். தினம் மின்சார ரயிலில் கடந்துபோகிறோமே, அதே பரங்கிமலை. மாதக்கணக்கில் காவலில் இருந்து, 1777 மே மாதம் பிகட் காவலிலேயே இறந்துபோனார். 1785இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசிய நீண்ட உரையில் பென்ஃபீல்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். பென்ஃபீல்டு அசரவில்லை, அவரும் அதே நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர்தான். நவாபு ஆட்சி முடிந்த பிறகு கடன் கணக்கைச் சரிபார்க்க ஒரு குழு போட்டார்கள். வந்து நின்ற கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். உண்மையான கடன் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

சேப்பாக்கத்தில் அரண்மனை எழுந்துகொண்டிருந்த அதே சமயத்தில், ஜாகீர் ஊர்களில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் இரண்டாயிரம் ஊர்கள் வரை அளந்தார். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி குளம், யார் யாருக்கு விளைச்சலில் என்ன பங்கு என்று எழுதிவைத்தார். ஊர்க் கணக்கர்கள் வைத்திருந்த ஓலைக் கணக்குகள்தான் இதற்கு ஆதாரம். பின்னாளில் காந்தியவாதி தரம்பால் ஆவணக் காப்பகத்தில் இவற்றைக் கண்டெடுத்துப் பேசிய பிறகுதான் வெளியே தெரிய வந்தது. அந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: களத்து மேட்டில் நெல்லைப் பிரிக்கும்போதே ஏரிப் பராமரிப்புக்கு என்று ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவார்கள். அரசாங்கத்துக்கான பங்கு பிறகுதான். மதகு அடைபட்டால், கரை கரைந்தால், சரி செய்யக் காசு எங்கே என்று யாரும் மனு எழுதவேண்டியதில்லை.

1780இல் கம்பெனி ஜாகீரைத் தன் நேரடி நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டது. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இந்த வட்டாரத்தில் பெயர் நிலைத்துப்போன ஆள். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வரும் துரை இவர்தான். கரை உடையப்போகிறது என்று மழை இரவில் பதறிப்போன கலெக்டருக்கு, வில்லும் அம்புமாக இருவர் கரையில் காவல் நிற்பது தெரிந்தது என்று சொல்வார்கள். தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார் என்பதற்குக் கோயிலில் கல்வெட்டே இருக்கிறது. ராமர் வந்தாரா என்பதை விடுங்கள். ஒரு கலெக்டர் மழை இரவில் ஏரிக்கரைக்கு ஓடினார் என்பதை ஊர் நம்பியது, அதுவே பெரிய விஷயம். ஓடித்தானே ஆகவேண்டும்! ஏரி போனால் வசூல் போச்சு. மறுபக்கம், இதே பிளேஸ் மிராசுதாரர்களோடு மல்லுக்கு நின்று ஊர்க் கணக்குகளைத் துருவி வசூலை ஏற்றியவர். இரண்டும் ஒரே ஆள்தான்.

அரண்மனை மெல்ல வெறுமையானது. முகமது அலி 1795இல் இறந்தார். 1801இல் ஒப்பந்தம் போட்டுக் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. நவாப் பட்டமும் ஓய்வூதியமும் மட்டும் மிச்சம். 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்தபோது அதுவும் முடிந்தது. கடனை அடைக்க அரண்மனை ஏலத்துக்கு வந்தது. 1859இல் மெட்ராஸ் அரசாங்கமே அதை வாங்கியது. கடனில் எழுந்த வீடு கடனில் போயிற்று.

வாங்கிய வீட்டில் அரசாங்கம் யாரைக் குடிவைத்தது என்று பாருங்கள். ரெவின்யூ போர்டு, அதாவது 1786 முதல் மெட்ராஸ் மாகாணத்தின் நிலவரியை ஆண்ட வருவாய் வாரியம். 1858இல் உருவான பொதுப்பணித் துறை. அதனோடு இன்ஜினியரிங் காலேஜ், 1920இல் கிண்டிக்குப் போகும்வரை இங்கேதான் இருந்தது. வரி வாங்குகிறவர், கரை கட்டுகிறவர், கரை கட்டப் படிக்கிறவர் மூவரும் ஒரே மதிலுக்குள்.

இந்த இடத்தில்தான் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் வருகிறார். மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக செனட் ஹவுஸ் ஆகியவற்றின் கட்டடக் கலைஞர். நவாபின் வீட்டை ஆபீஸாக மாற்றும் வேலை இவருக்கு. இரண்டு மஹால்களுக்கும் நடுவே ஒரு உயரமான சதுரக் கோபுரத்தை எழுப்பி இரண்டையும் இணைத்தார். ரெவின்யூ போர்டுக்கும் அதன் ஆவணங்களுக்கும் புதுக் கட்டடங்கள் சேர்த்தார். கடற்கரைப் பக்கம் முகப்பைத் திருப்பினார். சிஷோமின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், பழைய வளைவுகளையும் குவிமாடங்களையும் ஒட்டியே தன் வேலையைச் செய்ததுதான். இன்று போய் நின்று பார்த்தால் நவாப் எங்கே முடிகிறார், சிஷோம் எங்கே தொடங்குகிறார் என்று சட்டென்று பிடிபடாது. மெட்ராஸில் இதற்கு முன் அரசாங்கக் கட்டடம் என்றால் வெள்ளைத் தூண்கள்தான்: கிரேக்கமும் ரோமும். நவாபின் வீட்டுக்குள் குடிபோன அரசாங்கம் அதன் பிறகு உயர் நீதிமன்றம், அருங்காட்சியகம் என்று குவிமாடம் வைத்துக் கட்டியது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டது போல.

ஒரு சின்னக் கிளைக்கதை. ஆற்காடு இளவரசர் குடும்பம் இப்போது ராயப்பேட்டை அமீர் மஹாலில் இருக்கிறது. அந்தக் கட்டடம் 1798இல் கம்பெனியின் அலுவலகமாகக் கட்டப்பட்டது. அதை வீடாக மாற்றிய வேலையிலும் சிஷோமின் கை உண்டு. 1876இல் இளவரசர் குடும்பம் அங்கே குடியேறியது. நவாபின் வீடு அரசாங்க ஆபீஸ் ஆனது, அரசாங்க ஆபீஸ் நவாபின் வீடானது.

சரி, ஏரிக்கு வருவோம்.

பொதுப்பணித் துறை பிறந்த அதே 1858இல் ஒரு சட்டமும் வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் கட்டாயம் வந்து வேலை செய்யவேண்டும் என்ற சட்டம். குடிமராமத்து என்று ஊர் தானாகச் செய்துவந்ததைச் சட்டம் போட்டுச் செய்யச் சொல்லும் நிலை ஏன் வந்தது? களத்து மேட்டில் ஏரிக்கென்று ஒதுக்கிய பங்கு அதற்குள் அரசாங்கத்தின் வரிக்குள் கரைந்துவிட்டிருந்தது. பணம் சேப்பாக்கத்துக்குப் போனது, மண்வெட்டி மட்டும் ஊரில் நின்றது. இதை நான் கம்பெனியின் ஆகப்பெரிய அநியாயங்களில் ஒன்றாக நினைக்கிறேன். தலை வெட்டவில்லை, தீ வைக்கவில்லை. ஒரு கணக்குத் தலைப்பை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

1876–78 தாது வருஷப் பஞ்சம் அரசாங்கத்தை உலுக்கியது. 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். அளவைக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு குறிப்பேடு எழுதின: கரை நீளம், மதகுகளின் எண்ணிக்கை, கலங்கல் மட்டம், கொள்ளளவு, ஆயக்கட்டு. நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. அந்த மாதிரிக் குறிப்பேடுகள் இல்லாவிட்டால் இன்று ஒரு ஏரியின் முழு நீர்மட்டம் எதுவரை என்று நீதிமன்றத்தில் யாராலும் காட்டமுடியாது. ஆனால் அதில் ஒரு வரி ஏரிகளின் தலையெழுத்தை நிர்ணயித்தது. அது ஆயக்கட்டு: இந்த ஏரித் தண்ணீரால் எத்தனை ஏக்கர் பாய்கிறது என்ற எண்.

40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் அந்த ஏரி பொதுப்பணித் துறைக்கு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. வயல் இருந்த காலத்தில் இது ஓர் எளிய வேலைப் பிரிவினை. வயல்கள் எல்லாம் நகர், அவென்யூ, என்க்ளேவ் ஆன பிறகு? பாய்வதற்கு ஒரு ஏக்கர்கூட இல்லாத ஏரியை இன்னும் பழைய ஆயக்கட்டை வைத்துத்தான் பங்கு பிரிக்கிறோம். 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஏரிகளுக்குத்தான். ஒரே மழையில் நிரம்பி, ஒன்றின் கலங்கல் வழியாக மற்றொன்றுக்கு வழிந்து ஓடும் சங்கிலி ஏரிகள் இவை. செம்பாக்கம் ஏரி வழிந்தால் நன்மங்கலம், அங்கிருந்து பள்ளிக்கரணை என்று போகும். தண்ணீருக்கு ஒரே பாதை. கோப்புக்கோ அது கடக்கும் ஒவ்வொரு கரைக்கும் ஒரு துறை.

வருவாய் வாரியம் 1980இல் கலைக்கப்பட்டது. வாரியம் போனது, அது எழுதிய நிலை ஆணைகள் போகவில்லை. இன்றும் தாலுகா ஆபீஸில் நில ஒப்படை என்றால் 15ஆம் நிலை ஆணையைத்தான் புரட்டுவார்கள். ஜமாபந்தி, அடங்கல், சிட்டா, புறம்போக்கு என்று நாம் வரிசையில் நின்று பேசும் பாஷை முழுக்க இந்த வாரியம் கட்டிக் காத்தது. வாரியத்தின் வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட வருவாய் நிர்வாகம், நில நிர்வாகம் ஆகிய ஆணையர் அலுவலகங்கள் அதே வளாகத்தில் எழிலகத்தில் இருக்கின்றன.

நம்ம பகுதியின் கலெக்டர் ஆபீஸோ ஓரிடத்தில் நின்றதே இல்லை. கருங்குழி, காஞ்சிபுரம் என்று இருந்துவிட்டு, 1859இல் சைதாப்பேட்டைக்கு வந்தது. அரசாங்கம் சேப்பாக்கம் அரண்மனையை வாங்கிய அதே ஆண்டு. 1968இல் மீண்டும் காஞ்சிபுரம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனதும் செங்கல்பட்டு. தாம்பரத்துக்காரரின் தாத்தா மனு கொடுக்க வடக்கே சைதாப்பேட்டைக்கு ரயில் ஏறியிருப்பார், அப்பா காஞ்சிபுரத்துக்குப் பஸ் பிடித்திருப்பார், இவர் தெற்கே செங்கல்பட்டுக்குப் போகிறார். 2021இல் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது, அது ஓர் ஆறுதல். மேல்முறையீடு மட்டும் யார் காலத்திலும் சேப்பாக்கத்துக்குத்தான்.

இனி தீ.

2012 ஜனவரி 16, பொங்கல் விடுமுறை, அதிகாலை. கலஸ் மஹால் தீப்பிடித்தது. தொழில் வணிகத் துறை, சமூக நலத் துறை அலுவலகங்கள் அதில் இருந்தன. தீயணைக்கப் போன ஒரு வீரர் இறந்தார், ஒரு பெண் தீயணைப்பு அதிகாரி பலத்த தீக்காயம் அடைந்தார். விடிந்து பார்த்தபோது கூரை இல்லை, சுவர்கள் வானத்தைப் பார்த்து நின்றன.

ஏன் அப்படி எரிந்தது என்பதற்கு அந்தக் கட்டடத்தின் மேல்தளம் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியவேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்திரங்களைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் தேக்குக் கட்டைகளை அடுக்கி, மெல்லிய செங்கற்களைக் குத்தாகச் சாய்வாட்டில் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள் கணக்கில் பலகையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. வெயில் உள்ளே இறங்காது, நூறு நூற்றைம்பது வருஷம் சாதாரணமாக நிற்கும். தன் பாட்டில் விட்டால் அது எளிதில் எரிகிற சமாச்சாரமும் இல்லை, தேக்கு மேலே, மூன்று ஆள் உயரத்தில் இருக்கிறது. ஆனால் பழைய அரசாங்க ஆபீஸ்களை நாம் எப்படி வைத்திருப்போம் என்று உங்களுக்கே தெரியும். உயர்ந்த கூடத்தைப் பிளைவுட் தடுப்பால் அறை அறையாகப் பிரிப்போம். பொய்க்கூரை அடிப்போம், அதற்கு மேலே வயர் ஓடும். சுவரை ஒட்டி பீரோ, பீரோ மேலே கட்டுக்கட்டாகக் கோப்பு, அது உத்திரம் வரை எட்டும். நவாபின் கூடம் எரிவதற்கு நாம்தான் படிப்படியாக ஏணி வைத்தோம்.

இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. கூரை இல்லாத 240 வருஷத்துச் சுவரை நம்பி யார் கையெழுத்துப் போடுவது என்ற பயம் அதிகாரிகளுக்கு. இன்டாக் போன்ற அமைப்புகளும் பாரம்பரிய ஆர்வலர்களும் விடவில்லை. கடைசியில் சீரமைப்பது என்று முடிவானது. செய்தது பொதுப்பணித் துறைதான், அதாவது 150 வருஷமாக அங்கே குடியிருந்தவர்களே. சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புதான் என்று முடிவெடுத்தது பெரிய காரியம். சிமென்ட் பூசினால் பழைய செங்கல் சுவருக்கு மூச்சு முட்டும், உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வரமுடியாமல் உப்புப் பூத்துச் செங்கல்லைத் தின்றுவிடும். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசும் பழைய முறைக்குப் போனார்கள். அரசாங்க விலைப்பட்டியலில் இருந்து என்றோ மறைந்துபோன வேலை. தெரிந்த கைகளைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது, அதற்கெல்லாம் காலம் ஆயிற்று. 2017இல் கலஸ் மஹால் மீண்டு வந்தது. அந்த அனுபவம் பிறகு ஹுமாயூன் மஹால் சீரமைப்புக்கும் கைகொடுத்தது.

மீண்டு வந்த கட்டடத்தில் குடிவந்தது யார் தெரியுமா? தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. ஏரி ஆக்கிரமிப்பு, கழிவுநீர் கலப்பு, குப்பை கொட்டுதல் எல்லாம் விசாரிக்கும் இடம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வழக்கு நடப்பது இங்கேதான். 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம் அது. தாம்பரத்துக் கிழக்குப் பக்கத்து ஏரிகள் வழிந்தால் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். நடுவிலே பெருங்குடிக் குப்பைமேடு, ஒரு பக்கம் ஐடி கட்டடங்கள், இன்னொரு பக்கம் அடுக்குமாடிகள். பல்லாவரம் பெரிய ஏரியை துரைப்பாக்கம் ரேடியல் சாலை இரண்டாக வெட்டிக்கொண்டு போவதை விமானத்தில் இறங்கும்போதே பார்க்கலாம்.

இதெல்லாம் சுற்றுச்சூழல்காரர்களின் கவலை என்று நினைத்திருந்தவர்களுக்கு 2015 டிசம்பர் பதில் சொன்னது. டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர் பக்கம் முதல் மாடி வரை தண்ணீர், படகில் ஆட்களை எடுத்தார்கள். அடையாறு தனக்குரிய இடத்தைக் கேட்டு வந்தது. மழை நின்ற பிறகு எல்லோரும் தேடியது அந்தப் பழைய வரைபடங்களை, 1883இலிருந்து அளந்து எழுதிய கலங்கல் மட்டங்களை, போக்குக்கால்கள் எந்தப் புல எண் வழியாகப் போயின என்பதை. 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. தலைமைப் பொறியாளர்களின் அலுவலகம் இன்னும் சேப்பாக்கத்தில்தான்.

பசுமைத் தீர்ப்பாயத்தில் ஏரி வழக்கு நடக்கும் நாளில் சங்கதி இப்படி இருக்கும். செயலிகளில் எடுத்த செயற்கைக்கோள் படத்தோடு ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்காரர் நிற்பார். மாநகராட்சி தரப்பில், இது எங்கள் ஏரி இல்லை, நீர்வளத் துறையுடையது என்பார்கள். நீர்வளத் துறை, ஆக்கிரமிப்பு பற்றிய நில விவரம் வருவாய்த் துறையிடம் இருக்கிறது என்று சொல்லும். வருவாய்த் துறை அளந்து அறிக்கை தர அவகாசம் கேட்கும். கேட்பவர்கள், சொல்பவர்கள், அவகாசம் கேட்பவர்கள் எல்லோருடைய தலைமை அலுவலகமும் அந்த வளாகத்திலோ அதைச் சுற்றியோ நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. மேலே சுண்ணாம்புத் தளம், சுற்றிலும் நவாபின் வளைவுகள்.

கட்டடத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கடற்கரைச் சாலையிலிருந்து போனால் எழிலகம்தான் தெரியும். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியாக வாருங்கள், நவாப் காலத்து நுழைவு இருந்த திசை அது. வேலை நாளில் போங்கள். தாம்பரம், மாதம்பாக்கம், செம்மஞ்சேரி என்று ஊர்ப்பெயர் எழுதிய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மாடி என்று விசாரிக்கிற நாலு பேரையாவது பார்ப்பீர்கள்.